விறைத்த காலுக்கு ஒத்தணம்

உண்ணி கடித்து ஒரு மனிசி முடமாய்ப் போவாள் என்று அதற்கு முதல் ஆராவது எனக்குச் சொல்லியிருந்தால், போங்கோ உங்கட பேய்க்கதையும் நீங்களும் என்று சொல்லியிருப்பேன். ஆடு மாடு நிற்கிற வீட்டில் உண்ணி என்ன புதினமே? அனலைதீவில் எங்கள் வளவில் ஒரு பசுவும் கன்றும் சில ஆடுகளும் நின்றன. பின்னேரத்தில் பசுவின் காதுக்குள்ளும் தாடைக்குக் கீழேயும் தடவித் தடவி உண்ணி பொறுக்கி, மண்ணெண்ணெய் விட்ட சிரட்டைக்குள் போடுவேன். பசு கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தூக்கித் தரும். என்னைக் கட்டின மனிசன் தெற்கில், சிங்கள ஊரொன்றில், கடையில். பிள்ளை குட்டி இல்லை. பின்னேரத்தில் எனக்கும் வேறென்ன வேலை?

எண்பத்துமூன்றாம் ஆண்டு வைகாசி மாதம், அந்தச் சனியன் பிடித்த உண்ணிகளில் ஒன்று சிரட்டைக்குள் விழாமல் என்னில் ஏறிவிட்டது. இடது முழங்காலுக்குப் பின்னால், மடிப்புக்குள் போய் இருந்திருக்கிறது. கையில் தட்டுப்பட்டபோது மிளகளவுக்குப் பருத்திருந்தது. நகத்தால் பிடுங்கி எறிந்தேன். அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது, பிறகு நடுவில் கறுத்தது. சொறிந்தேன், மறந்தேன். உண்ணி கடித்ததையெல்லாம் ஆர் நினைவில் வைத்திருக்கிறது?

பிறகு காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் இல்லை, பாய் எரிகிற காய்ச்சல். பக்கத்து வளவில் என் மச்சாள், மனிசனின் மூத்த அக்கா, இருந்தா. புருசன் செத்து, பிள்ளைகள் கரை சேர்ந்து, தனியே இருந்த மனிசி. அவதான் என்னை மோட்டர் வள்ளத்தில் ஏற்றி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. மண்கும்பான் தாண்டிப் பஸ் கடற்பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் தெரிந்ததாம், நான் ஐயோ வள்ளம் தாழுது என்று கத்தினேனாம். பஸ் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்ததை மச்சாள் அதற்குப் பிறகு எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பா.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் என்னைப் புரட்டிப் பார்த்து, முழங்கால் மடிப்பில் அந்தக் கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். ஊசி போட்டார்கள், குளிசை தந்தார்கள். காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் காலின் கதை தொடங்கியது.

முதலில் முழங்கால் இரண்டும் வீங்கின. ஒருநாள் முழங்கால், ஒருநாள் மணிக்கட்டு, ஒருநாள் தோள்மூட்டு என்று நோவு வீடு வீடாய்ப் போய்வந்தது. அதுகூடப் பரவாயில்லை, நோகிறது என்றாவது தெரியும். இடது காலில் கணுக்காலுக்குக் கீழே துப்பரவாய் விறைத்துப் போனது. மிதித்தால் மண்ணா, சீமெந்தா, ஆட்டுப் புழுக்கையா என்று தெரியாது. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நான் ஒற்றைச் செருப்போடு முன்னால் போய்க்கொண்டிருப்பேன். மச்சாள் பின்னால் நின்று, "எடியே, உன்ர செருப்பு இஞ்ச கிடக்கு" என்று கூப்பிடுவா. இன்னொருக்கால் யாழ்ப்பாணம் போனோம். நாளெடுக்கும், பொறுத்திருங்கோ என்றார் டொக்டர். நல்லது, பொறுத்தேன். அதற்குள் சோழகம் தொடங்கிவிட்டது. சோழகக் காற்றில் கடல் எழும்பி நிற்க, நல்ல காலுள்ளவனே வள்ளத்தில் ஏறப் பயப்படுவான். எனக்கு இனி யாழ்ப்பாணம் இல்லை என்று விளங்கிவிட்டது.

எங்கள் தீவிலேயே ஒரு பரியாரியார் இருந்தார். முறிவு, வாதம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் அவர்தான். வந்து, ஓர் ஈர்க்கை எடுத்து என் உள்ளங்காலில் குத்தினார்.

"தெரியுதோ?"

"இல்லை."

இன்னும் கொஞ்சம் ஊன்றிக் குத்தினார். "இப்ப?"

"நீங்கள் குத்திறது கண்ணுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியேல்ல."

அவர் சிரிக்கவில்லை. உண்ணியின் விசம் போய்விட்டது, வாதம் உள்ளே தங்கிவிட்டது என்றார். மருந்து சொன்னார். காலையில் குடிநீர்: முடக்கொத்தானும் வேர்க்கொம்பும் மல்லியும் திப்பிலியும் போட்டு எட்டொன்றாய் வற்றக் காய்ச்சி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். முழங்காலுக்கு நொச்சிச் சாறு விட்டுக் காய்ச்சிய எண்ணெய். பின்னேரத்தில் ஒத்தணம். இதற்கெல்லாம் மேலே பத்தியம். கத்தரிக்காய் இல்லை, பூசணி இல்லை, புளி இல்லை, கணவாய் இல்லை, நண்டு இல்லை. தீவில் இருக்கிறவளுக்குக் கணவாயும் நண்டும் இல்லையென்றால் பிறகு என்னதான் இருக்கு? சரக்கரைத்த கறியும் முருங்கையிலையும் சின்ன மீனும். கண்டறியாத பத்தியம்! மனிசனும் மனிசியும் ஒரு பாயில் படுக்கவும் கூடாதாம். அதைப் பரியாரியார் மச்சாளிடம் சொல்லிவிட்டுப் போக, அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னா. மெத்தப் பெரிய கவலை! மனிசன் தெற்கில் எங்கேயோ, நான் அனலைதீவில்.

ஆடி மாதம் ரேடியோவில் செய்தி வந்தது. தெற்கில் எங்கள் ஆட்களின் கடைகளை எரிக்கிறார்கள், ஆட்களையும் எரிக்கிறார்கள். எங்களுடையது ஒரு சந்தியில் சுருட்டுக்கடை. தீவில் பாதி வீட்டுக்காரருக்கு அப்படி ஏதோ ஒரு ஊரில் ஒரு கடை இருந்தது. ஒவ்வொரு வீடாய் அழுகை கேட்டது. சனம் என் வீட்டுக்கும் வந்தது. பெண்டுகள் வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் கதிரையில், காலை ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆள் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. குடிநீர் அடுப்பில் வற்றிப்போகப் போகுதே என்றுதான் நினைத்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாய்க் கிடந்தது என்று சொல்ல ஆசை. அதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை.

கலியாணம் கட்டி எவ்வளவோ வருசம். கோயில் திருவிழாவுக்கு ஒருக்கால் வருவார், தைப்பொங்கலுக்கு ஒருக்கால் வருவார். வரும்போது சவர்க்காரமும் சீலைத்துணியும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவார். நான் விருந்தாளிக்குச் சமைக்கிற மாதிரிச் சமைத்துப் போடுவேன். எனக்கும் அவருக்கும் சண்டைகூட வந்ததில்லை. சண்டை பிடிக்கிற அளவுக்குப் பழக்கமில்லை.

ஆவணியில் ஆள் வந்து சேர்ந்தார். கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து முகாம், பிறகு வள்ளம். ஆரோ குடுத்த சாரம், ஆரோ குடுத்த சேட்டு. பெட்டி இல்லை. கை இரண்டையும் பொத்திக்கொண்டு வேலிப் படலையடியில் நின்றார்.

"வந்திட்டீங்களோ?"

"ஓம்."

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்." பிறகு என் காலைப் பார்த்தார். "உமக்குக் காலுக்கு என்ன?"

"உண்ணி கடிச்சது."

"ஆ," என்றார். உள்ளே வந்து மற்றக் கதிரையில் இருந்தார். மச்சாள் வந்து தம்பியைக் கண்டு ஓவென்று குழறி அழுத பிறகுதான் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்கே பட்டது.

ஊர்ச்சனத்துக்கு விசயம் வேறு மாதிரிப் போனது. "மனிசன்ர கடை எரிஞ்ச ஏக்கத்தில மனிசிக்குக் கால் இழுத்துப் போட்டுது" என்று கதை. நான் விழுந்தது வைகாசியில், கடை எரிந்தது ஆடியில். கணக்கு வேண்டாமே? ஒருத்தி என் முகத்துக்கு நேரே வந்து, கவலைப்படாதை பிள்ளை, கடையை நினைச்சு நினைச்சுத்தான் உனக்கு வாதம் வந்தது என்றாள். "அக்கா, நான் நினைச்சது கடையை இல்லை, கணவாயை" என்றேன். அவள் கோவித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபமாவது வருகுதே என்று இருந்தது.

மச்சாளுக்கும் வயது போனது, அவவின் இடுப்பு நாரியும் சரியில்லை. அதனால் என்னைப் பார்க்கிற வேலை மெல்ல மெல்ல மனிசனிடம் வந்தது. ஆளுக்கும் செய்ய ஒன்றுமில்லை. விடிய எழும்பி வேலியோரம் போய் முடக்கொத்தான் பிடுங்கிக்கொண்டு வருவார். முதல்நாள் வேறேதோ கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார். "உந்தக் கொடியைக் காய்ச்சிக் குடிச்சால் காலோட சேர்த்து ஆளும் போயிடும்" என்றேன். திரும்பிப் போய்ச் சரியானதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். குசினிக்குள் ஒரு நாளும் வராத ஆள், குந்தியிருந்து, அடுப்பை ஊதி, எட்டொன்றாய் வற்றுகிறதா என்று ஈர்க்கை விட்டு அளந்து பார்ப்பார். கடைக்காரன் புத்தி, அளவு பிசகாது.

ஒருநாள் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்கும்போது சொன்னார்:

"உம்மட கால் தேறினாப் பிறகு நான் போகப் போறன். சந்தியில மற்ற ஆக்கள் கடை திறக்கினமாம்."

"எரிச்ச இடத்துக்கோ?"

"வேறை என்ன தெரியும் எனக்கு? தோட்டமோ, கடலோ?"

"போங்கோவன்," என்றேன்.

அன்றைக்கு அவர் எழும்பிப் போன பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நடக்க வேண்டும். முடமாய் ஒரு மூலையில் கிடக்க என்னால் ஏலாது. நடந்தால் அவர் போவார். போனால் எரிப்பவர்கள் திரும்பியும் எரிக்கலாம், இந்த முறை ஆள் வராமலும் விடலாம். எனக்கு எது வேண்டும்? கால் வேண்டுமா, ஆள் வேண்டுமா? மனதைக் கேட்டேன். பரியாரியார் ஈர்க்கால் குத்தின மாதிரிக் குத்திக் குத்திக் கேட்டேன். அது பேசாமல் கிடந்தது.

ஒத்தணம் எப்படியென்றால், நொச்சியிலையும் ஆமணக்கிலையும் அரிந்து, தவிடும் கல்லுப்பும் சேர்த்துத் தாச்சியில் வறுத்து, பழஞ்சீலைத் துண்டில் முடிச்சாய்க் கட்டுவது. முடிச்சைச் சூட்டோடு எடுத்து, நோகிற இடத்தில் வைத்து வைத்து எடுக்க வேண்டும். பிடிக்கிறவர் முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு நோயாளியைக் கேட்பார். கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

மனிசனும் அப்படியே செய்தார். முடிச்சை எடுப்பார், உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார், தலையாட்டுவார், என் முழங்காலில் வைப்பார்.

"சுடுதோ?"

முழங்காலில் என்றால் எனக்குத் தெரியும். "ஒரு எப்பன் சுடுது, பொறுங்கோ" என்பேன். பிறகு கணுக்கால், பாதம்.

"சுடுதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை."

அதைவிட நாங்கள் ஒரு நாளில் பேசின பேச்சுக் குறைவு. மழை தொடங்கின காலத்தில் ஒரு பின்னேரம், மூட்டு நோவு கூடிப்போய் நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் பாதத்தில் முடிச்சை வைத்து, சுடுதோ என்று கேட்டார், இல்லை என்றேன். இன்னும் சூடாக்கிக் கொண்டுவந்தார். சுடுதோ, இல்லை. சூடு காணாது போலை என்று நினைத்து, தாச்சியிலிருந்து எடுத்த கையோடேயே கொண்டுவந்து அழுத்தி வைத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார், அரைக்கண்ணால் நான் கண்டேன். சுடுதோ? இல்லை.

மச்சாள்தான் கண்டா. பால் கொண்டுவந்தவ, என் காலைப் பார்த்துவிட்டுச் செம்பை நிலத்தில் போட்டா. பாதத்தின் மேற்பக்கம் முழுக்கத் தோல் வெள்ளையாய் எழும்பி, ஒரு இடத்தில் உரிந்து தொங்கியது. எழும்பிப் பார்த்தேன். வேறு ஆரோ ஒருத்தரின் காலைப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது.

"விசரனே! கையில வைச்சுப் பாக்கேல்லையோடா?" என்று மச்சாள் தம்பியைப் பேசினா.

"பாத்தனான் அக்கா."

"பாத்தால் தெரியாதோ? ஆள் வெந்துபோய்க் கிடக்கு, பாத்தவராம் பாத்தவர்!"

அவர் பொத்தியிருந்த கை இரண்டையும் விரித்துக் காட்டினார். வந்த நாளிலிருந்து அவர் கையைப் பொத்திக்கொண்டு திரிந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சோற்றைக்கூட விரல் நுனியால் எடுத்துச் சாப்பிட்டவர், எண்ணெயையும் விரல் நுனியால்தான் தடவினவர். உள்ளங்கை இரண்டிலும் தோல் மினுங்கி, ரேகை ஒன்றும் இல்லாமல், இறுகிப்போய் இருந்தது. பழைய சூட்டுக் காயம் ஆறின தோல். அதில் என்னத்தை வைத்துப் பார்த்து என்ன தெரியும்?

"என்ன இது?" என்றேன்.

"கதவுத் தகரம்," என்றார். "வெளியில பத்தவைச்சிட்டாங்கள். நான் உள்ளுக்க. தகரம் காய்ஞ்சு போச்சு. தள்ளினனான்."

அவ்வளவுதான் சொன்னார். இண்டைக்கு வரைக்கும் அதற்கு மேலே ஒரு சொல் சொன்னதில்லை. மச்சாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதா. அவர் என் கால்மாட்டில் இருந்து, வெந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினார். கடைக்கு அழாத மனிசன், கப்பலில் அழாத மனிசன், என் காலைப் பார்த்து மூக்கு வழிய வழிய அழுதார். நான் அவர் தலையைத் தொட்டிருக்க வேண்டும். எல்லாப் பெண்சாதியும் தொடுவாள். எனக்குக் கை எழும்பவில்லை. அவர் அழுது முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு நோயாளி. என் காலுக்குத் தேங்காயெண்ணெய், அதன்மேல் வாழைக்குருத்து. அவர் கைக்குக் கத்தாழைச் சோறும் என் நொச்சியெண்ணெயும். மூட்டுக்குக் காய்ச்சின எண்ணெய் கைக்கு நல்லதோ கூடாதோ தெரியாது, பரியாரியாரைக் கேட்கவும் இல்லை. எண்ணெய் கிண்ணம் நடுவில் இருக்கும். அவர் என் முழங்காலைத் தடவுவார், நான் அவர் உள்ளங்கையைத் தடவி விரலை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி விடுவேன். "நோகுதோ?" என்று கேட்டால் "இல்லை" என்பார். இப்போது அவர் முறை.

பரியாரியார் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் முடிச்சைக் கன்னத்தில் வைத்துப் பாரும் என்று அவருக்குச் சொன்னார். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு முறையும் முடிச்சை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் என் காலுக்குக் கொண்டுவருவார். கன்னத்தில் தவிடு ஒட்டியிருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் முதல் தரம் வந்த சிரிப்பு.

இன்னொன்றும் கண்டேன். அவரும் பத்தியச் சாப்பாடுதான் சாப்பிட்டார். மச்சாள் ஒருநாள் தம்பிக்கென்று கணவாய்க்கறி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. வாசம் வந்து என் மூக்கைத் துளைத்தது. அவர் சட்டியை மூடி, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துவிட்டார்.

"உங்களுக்கென்ன பத்தியம்? உங்களையோ உண்ணி கடிச்சது?"

"ஒரு வீட்டுக்க ரெண்டு கறி என்னத்துக்கு?" என்றார்.

"பைத்தியம்," என்றேன். ஆனால் அன்றைக்கு முருங்கையிலைக் கறி அவ்வளவு மோசமாய் இருக்கவில்லை.

மார்கழி போய்த் தை பிறக்க, மூட்டு நோவு விட்டு விட்டு வந்து, பிறகு மழை நாளில் மட்டும் வந்தது. வீக்கம் வற்றியது. கால் கொஞ்சம் இழுத்தாலும் கிணற்றடிக்குத் தனியே போனேன், மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். மருந்துதான் மாற்றியதோ, ஆஸ்பத்திரிக் குளிசைதான் பிந்திப் பிடித்ததோ, நாள் போகத் தன்பாட்டில் மாறியதோ, எனக்குத் தெரியாது. தெரிந்ததாய்ச் சொல்கிறவர்களையும் நான் நம்பமாட்டேன். காலையில் அந்தக் கசப்பைக் குடித்தேன், பின்னேரம் காலை நீட்டினேன். நோவைத் தாங்க அது உதவியது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை. உள்ளங்கால் மட்டும் விறைத்தபடியே கிடந்தது. செருப்பு வழமைபோலக் கழன்றுகொண்டே இருந்தது. இனி இவ்வளவுதான் போலை, என்றார் பரியாரியார். பத்தியம் முடிந்தது என்றும் சொன்னார்.

அதே கிழமை, தெற்கில் பக்கத்துக் கடை வைத்திருந்த ஒரு அண்ணை வீட்டுக்கு வந்தார். தாங்கள் திரும்பிப் போகிறோம், நீர் வாறீரோ என்று மனிசனைக் கேட்டார். நான் குசினிக்குள் நின்றேன். கையிலிருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப ஏலாது அண்ணை. மனிசிக்கு மறுபத்தியம் கிடக்கு," என்றது அவர் குரல்.

பத்தியம் எவ்வளவு காலமோ அவ்வளவு காலம் மறுபத்தியமும் காக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. ஆனால் பரியாரியார் அதைச் சொல்லவேயில்லை. வயதான மனிசன், மறந்தாரோ தெரியாது. நானும் நினைவுபடுத்தவில்லை, கணவாய் தின்னும் ஆசையில். மனிசன் தானாய் எடுத்துச் சொன்னார். அந்த அண்ணை போன பிறகு, "ஆர் உங்களுக்கு மறுபத்தியம் எண்டு சொன்னது?" என்று கேட்டேன். "உமக்கு வேண்டாமெண்டால் விடும்," என்றார். நான் விடவில்லை. அன்றைக்கும் முருங்கையிலை அவித்தேன். ஏனென்று என்னை நானே கேட்டுப் பார்க்கவும் இல்லை, கேட்டால் விடை வந்துவிடும் போலிருந்தது.

மறுபத்தியமும் ஒருநாள் முடியத்தானே வேண்டும். முடிந்தபோது சோழகமும் அடங்கி, நல்ல வெயில் எறித்தது, கடல் வாளித்தண்ணிபோல அசையாமல் கிடந்தது. அந்த அண்ணை இன்னொருக்கால் ஆள் அனுப்பினார். இந்த முறை மனிசன் சரி என்றார். தோட்டமும் தெரியாது, கடலும் தெரியாது, அவர் என்ன செய்கிறது? நான் புது முடிச்சுத் துணி வெட்டி, நொச்சியெண்ணெய் ஒரு போத்தலில் விட்டு, அவர் கைக்கென்று பெட்டிக்குள் வைத்தேன். போகாதையுங்கோ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று தெரியும். தெரிந்ததே தவிர வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் வந்தார், போனார். பிறகு நாட்டில் சண்டை வந்து, பாதை அடைபட்டு, வரவும் முடியாமல் போகவும் முடியாமல் இருந்த காலமும் வந்தது. அதெல்லாம் கலங்கலாய்த்தான் நினைவிருக்கிறது. அந்த ஒரு நாள்தான் தெளிவாய் நிற்கிறது.

மத்தியான மோட்டர் வள்ளம். இறங்குதுறையில் நல்ல சனம், நல்ல வெயில். நான் இழுத்து இழுத்து அவரோடு நடந்து போனேன். "வீட்டில நில்லும்," என்றார். "ஏன், எனக்குக் காலில்லையோ?" என்றேன். அவர் பெட்டியோடு வள்ளத்தில் ஏறிப் பின்பக்கமாய் இருந்தார். பாரும், எண்ணெய் தடவ மறந்திடாதையும், குடிநீரை விட்டிடாதையும் என்று அங்கே இருந்தபடியே சொன்னார். வள்ளக்காரன் கயிற்றை அவிழ்த்தான். மோட்டர் இரைந்தது. வள்ளத்துக்கும் துறைக்கும் நடுவில் தண்ணீர் அகன்றது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், வழமைபோல.

என்னவோ செய்தது. முதலில் என்ன என்று பிடிபடவில்லை. நெஞ்சுக்குள்ளா, எங்கேயென்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். இடது கால் செருப்பு எங்கேயோ வழியில் கழன்று போய்விட்டது. வெறுங்காலோடு, கொதிக்கிற சீமெந்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சுட்டது.

"சுடுது!" என்று கத்தினேன். துறையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. "இஞ்சேருங்கோ! சுடுது! சுடுதப்பா!"

அவருக்குக் கேட்டுவிட்டது. வள்ளத்தில் பாய்ந்து எழும்பினார். பக்கத்தில் இருந்தவர்கள் சாரத்தில் பிடித்து இழுத்தார்கள். அந்த மினுங்கின கை இரண்டையும் வாயடியில் வைத்துக்கொண்டு அவரும் கத்தினார்:

"காலை எடும்! எடும் காலை! நிழலுக்குப் போம்!"

ஒரு மனிசி எனக்குப் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதேன், என்ன செய்தேன் என்று தெரியாது, முகம் முழுக்க நனைந்து போயிருந்தது. போகாதையுங்கோ என்ற சொல் அப்போதுதான் வாயில் வந்தது. வள்ளம் தூரப் போய்விட்டது. அவர் இன்னும் நின்றபடி, போம், போம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் நிழலுக்குப் போகவில்லை. வள்ளம் கண்ணுக்கு மறையும் மட்டும் அந்தச் சீமெந்திலேயே நின்றேன். வீட்டுக்கு வந்து பார்க்க, உள்ளங்காலில் பெரிய கொப்புளம். மச்சாள் ஏசி ஏசி வாழைக்குருத்து வைத்துக் கட்டினா. அது எனக்கு நல்லாய் நொந்தது.